கொழுப்பெடுத்த வியாபாரம்

தம்பி, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, மேற்கு மாம்பலத்தில் என்ன தொழில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். இட்லி மாவுக் கடை வேண்டாம். தெருவுக்கு மூன்று இருக்கிறது. மாவு புளித்துப்போனால் மறுநாள் விடியற்காலையிலேயே பாத்திரத்தோடு வந்து வாசலில் நிற்பார்கள். பத்து பேர் எதிரில் மானம் போகும். ஏமாந்தவன் வெளியே சொல்லக் கூசுகிற சரக்கு ஒன்று இருக்கிறது. அதை விற்கப் பார். முடி.

ஆரிய கவுடா ரோட்டில் மாடியில் ஓர் இடம் பிடி. கீழே ஸ்வீட் ஸ்டால் இருந்தால் உத்தமம். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து, வழுக்கையில் ஊசியாக ஏற்றி முடி முளைக்க வைக்கிறோம் என்று ஆளுயரத்துக்கு போர்டு மாட்டு. கீழ்த்தளத்தில் ஜாங்கிரி தின்று ஏற்றியதை மேல்தளத்தில் வந்து இறக்குவார்கள். இரண்டு கடைக்கும் ஒரே வாடிக்கையாளர், ஒரே படிக்கட்டு.

இந்தப் பேட்டையைச் சும்மா சொல்லவில்லை. இங்கே கல்யாணம் ஆகாத பையன்கள் அதிகம், பையனைப் பெற்ற கவலை அதைவிட அதிகம். முப்பத்தொரு வயது, ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை, போஸ்டல் காலனியில் சொந்த ஃபிளாட், எல்லாம் இருக்கும். பெண் வீட்டு மாமி போன் செய்வாள்: “ஜாதகம் பேஷாப் பொருந்தறது. போட்டோல பையனுக்கு நெத்தி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா தெரியறதோன்னு எங்க பொண்ணு நினைக்கறா.” முன்மண்டையைச் சிரைத்துக் குடுமி முடிந்துகொள்வதுதான் லட்சணம் என்று வாழ்ந்த கொள்ளுத்தாத்தாவின் படம் கூடத்தில் மாட்டியிருக்கும். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அந்த போனை எடுத்திருப்பாள் பையனைப் பெற்றவள். அன்று ராத்திரியே உன் நம்பரைத் தேடுவாள்.

ஆனால் வழுக்கை விழுந்தவனை நம்பி மட்டும் கடை போடாதே. அவனுக்கு முடி வராது, ஒரு வருஷம் கழித்துக் கேள்வி கேட்பான். உன் தங்கச் சுரங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. டெங்கு வந்து எழுந்தவர்கள், பிரசவம் ஆனவர்கள், டைபாய்டில் படுத்தவர்கள், கண்டபடி டயட் இருந்தவர்கள். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பில் கொத்துக் கொத்தாக வரும். அலறிக்கொண்டு ஓடி வருவார்கள். போர் தண்ணி என்பார்கள், ஷாம்பு என்பார்கள், எதிர்வீட்டுக் கண் என்பார்கள். உடம்பு பட்ட அதிர்ச்சியில் மயிர்க்கால்கள் மொத்தமாக ஓய்வுக்குப் போயிருக்கின்றன, அவ்வளவுதான். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக நின்று, தானாக முளைக்கும். ஒரு பைசா செலவு கிடையாது. இந்த விஷயம் அவர்களுக்குத் தெரிவதற்குள் அட்வான்ஸ் வாங்கிவிடு. இயற்கை செய்யப்போகிற வேலைக்கு நீ பில் போடலாம். அவர்கள் காலம் முழுக்க உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள், கூகுளில் ஐந்து நட்சத்திரமும் போடுவார்கள்.

அடுத்து டாக்டர். அவசரப்படாதே, முதலில் கவுன்சிலர். வெள்ளைக் கோட்டு போட்ட, இனிக்க இனிக்கப் பேசுகிற ஒரு பெண்ணோ பையனோ போதும். என்ன படித்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை, கோட்டே பட்டம். உச்சந்தலையில் ஒரு கேமராவை வைத்து, பெரிய டி.வி.யில் காட்டச் சொல். ஐம்பது மடங்கு பெரிதாக்கினால் அடர்ந்த முடியுள்ள தலைகூடப் பாலைவனமாகத்தான் தெரியும்.

“சார், இந்த ரூட்டெல்லாம் டார்மண்ட் ஸ்டேஜ். இன்னும் மூணு மாசம் விட்டா டெட்.”

“அப்போ?”

“உங்க பாடி ஃபேட்லயே சொல்யூஷன் இருக்கு சார். உங்க சொந்த செல். ஜீரோ சைடு எஃபெக்ட். இன்னிக்கு புக் பண்ணா முப்பது பர்சன்ட் ஆஃபர்.”

“எவ்ளோ ஆகும்?”

“நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கு சார்.”

தொகையைச் சொல்லவே கூடாது, கவனித்தாயா. ஆடி மாதத்தில் ஆஃபரை ஐம்பதாக்கு. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் 2023-ல் ஆகாய நடைபாதை திறந்துவிட்டார்கள். புடவை எடுக்கப் போகிறவர்கள் அந்தப் பக்கமும், முடி எடுக்க வருகிறவர்கள் இந்தப் பக்கமுமாகக் கூட்டம் அலைமோதட்டும்.

சரக்கைப் பற்றியும் உனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தொப்புளைச் சுற்றி உப்புநீரும் மரத்துப்போகும் மருந்தும் கலந்து ஏற்றி, சின்னக் குழாயை விட்டுக் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். அந்தக் கொழுப்பை நொதி போட்டுக் கரைத்து, சுழல் இயந்திரத்தில் சுற்றி, அடியில் தங்குவதை எடுப்பது ஒரு வழி. நொதிக்குச் செலவாகும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பெல்ஜியத்தில் டோனார்ட் என்கிற பிளாஸ்டிக் சர்ஜன் 2013-ல் எழுதிய ‘நானோஃபேட்’ முறை. இரண்டு சிரிஞ்சுகளை மூக்கோடு மூக்கு இணைத்து, கொழுப்பை இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்குமாக முப்பது முறை தள்ளுவது. டவரா டம்ளரில் காபி ஆற்றத் தெரிந்த எவனுக்கும் கை தானாக வரும். அவர் அதைச் செய்தது முகச் சுருக்கத்துக்கும் தழும்புக்கும். நம் ஊரில் அது மாடிப்படி ஏறி மண்டைக்குப் போய்விட்டது.

கடைசியில் கிடைக்கிற குழம்பில் ஸ்டெம் செல் இருக்குமா என்றால், இருக்கும். ரத்தக்குழாய்ச் செல், வெள்ளை அணுக்கள், இன்னும் என்னென்னவோ இருக்கிற கூட்டத்தில் அதுவும் ஒரு மூலையில் நின்றுகொண்டிருக்கும். எத்தனை, உயிரோடா பிணமாகவா, எவனும் எண்ணிப் பார்க்க மாட்டான். நீயும் பார்க்காதே. எண்ணுகிற இயந்திரத்தின் விலையில் ரிசப்ஷனுக்கு மீன் தொட்டி வாங்கலாம்.

இதெல்லாம் வடிகட்டிய பொய் என்று நினைத்துவிடாதே. வடிகட்டிய பொய் இந்த ஊரில் நெடுநாள் ஓடாது. ஒரு கரண்டி உண்மை வேண்டும், அது இருக்கிறது. உறிஞ்சி எடுத்த கொழுப்பில் பலவிதமாக உருமாறக்கூடிய செல்கள் இருப்பதைக் கலிஃபோர்னியாவில் பட்ரீஷியா ஜூக் குழுவினர் 2001-ல் காட்டினார்கள். தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பின் இளஞ்செல்கள் மயிர்க்காலைத் தட்டி எழுப்புகின்றன என்று யேல் பல்கலைக்கழகத்தில் 2011-ல் கண்டார்கள், எலியில். எலிக்கு முடி ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை என்பது வேறு விஷயம். பிறகு அமெரிக்காவில் எழுபது பேர் சொச்சத்தை வைத்து முறையாக ஒரு சோதனை நடந்தது, முடிவு 2020-ல் வெளியானது. ஆறு மாதம் பார்த்தார்கள். ஆரம்பக்கட்ட வழுக்கை உள்ள ஒரு பிரிவுக்கு மட்டும் கொஞ்சம் பலன். அதிலும் குறைவாகச் செல் போட்டவர்களுக்கு. மேற்கொண்டு பெரிய சோதனை வேண்டும் என்பது அதற்கு அர்த்தம். உன் பாம்ப்லெட்டில் அதற்கு அர்த்தம், “அமெரிக்க ஆய்வில் நிரூபணம்.” அமெரிக்க மருந்துத் துறையான எஃப்.டி.ஏ. முடிக்காக இப்படி ஒரு கொழுப்புச் சிகிச்சையை அங்கீகரிக்கவில்லை என்ற வரிக்கு பாம்ப்லெட்டில் இடம் இருக்காது, ஆஃபர் கட்டம் பெரிது.

வழுக்கையின் மூலக்கதை உலகத்துக்குத் தெரியாததல்ல. பருவம் அடைவதற்கு முன்பே விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-லேயே எழுதிவிட்டார். அந்தச் சிகிச்சைக்கு இங்கே கிராக்கி இருக்காது. ஆண் ஹார்மோனும் பரம்பரையும் சேர்ந்து செய்கிற காரியம் அது. அதைக் கொஞ்சம் தள்ளிப்போடத் தடவுகிற மினாக்சிடிலுக்கு அமெரிக்காவில் 1988-லும், விழுங்குகிற ஃபினாஸ்டரைடுக்கு 1997-லும் அனுமதி கிடைத்தது. அதிசயம் எதுவும் செய்யாது, நிறுத்தினால் பலனும் நின்றுவிடும், சிலருக்குப் பக்கவிளைவு உண்டு, டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆனால் மாதம் சில நூறு ரூபாயில் முடிகிற சமாசாரம். லேக் வியூ ரோட்டில், எம்.சி. சுப்பிரமணியம் தொடங்கிவைத்து, நன்கொடையிலும் குறைந்த கட்டணத்திலும் தலைமுறை தலைமுறையாக நடக்கிற பப்ளிக் ஹெல்த் சென்டர் இருக்கிற பேட்டை இது. விவரமான ஒரு டாக்டர் இரண்டு நிமிஷத்தில் உன் வியாபாரத்தைக் கெடுத்துவிடுவார். அதனால் நீயே முந்திக்கொண்டு, ஊசி போட்ட கையோடு அந்த இரண்டு மருந்தையும் எழுதிக் கொடுக்கச் சொல். முடி வந்தால் ஸ்டெம் செல்லின் மகிமை. வராவிட்டால், “மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டீங்களா சார்?”

சட்டம் இருக்கிறதே என்று பயப்படுகிறாய். இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. மருந்து, அழகுப்பொருள் விதிகளில் ‘ஜெ’ அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்தெந்த நோயைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிற பட்டியல், 51 இனங்கள். அதில் வழுக்கை இருக்கிறது. அது போதாதென்று, ‘புது முடி வளர்வது’ இன்னோர் இனத்திலும் வருகிறது. சர்க்காரே இரண்டு முறை சொல்லிவிட்டது. பஸ்ஸின் முதுகில் ஒட்டியிருக்கிற விளம்பரத்துக்கு அட்டவணை வாசிக்கத் தெரியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் இன்னும் பச்சையாகச் சொல்கிறது. ரத்தம் சம்பந்தமான குறிப்பிட்ட நோய்களுக்குச் செய்கிற மாற்றுச் சிகிச்சையைத் தவிர, வேறு எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. மருத்துவச் சோதனையாக மட்டுமே செய்யலாம். ஸ்டெம் செல்லிலிருந்து செய்த பொருள் புதிய மருந்து, அதற்கு அனுமதி வேண்டும் என்று 2019-ல் விதி வந்தது. ஆட்டிசம் குழந்தைகளுக்கு ஸ்டெம் செல் போடுவது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில் சொன்னது. பெற்றவர்களின் கண்ணீரையே பணமாக்கிய சந்தை அது. அதற்குப் பக்கத்தில் வழுக்கைக்காரன் கண்ணீர் யாருக்குப் பொருட்டு? நீ போர்டில் ‘ஸ்டெம் செல்’ என்பதை அழித்துவிட்டு ‘ரீஜெனரேட்டிவ்’ என்று எழுது. பெயின்டர் கூலி ஐந்நூறு ரூபாய். சட்டம் அதோடு திருப்தி அடைந்துவிடும்.

விளம்பரம் செய்து நோயாளியை இழுப்பது டாக்டருக்கு 2002 விதிகளின்படி தடை. அதனால் டாக்டர் விளம்பரம் செய்ய மாட்டார், கம்பெனி செய்யும். டாக்டர் அந்தக் கம்பெனியில் தற்செயலாக இருப்பார். மவுண்ட் ரோட்டில் ஆளை நிறுத்தி அவர் கையால் ஊசி போட்டால்தான் குற்றம் போலிருக்கிறது.

சாவைப் பற்றியும் பேசிவிடுகிறேன். தொழில் என்று வந்தால் அதையும் பார்த்துவைக்க வேண்டும்.

2016 மே மாதம். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவன், 22 வயது. நுங்கம்பாக்கத்தில் ஒரு முடி நடும் மையத்துக்குப் போனான். மயக்க மருந்து கொடுத்தவர் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மணிக்கணக்கில் நட்டார்கள். 1,200 முடி என்று செய்திகளில் வந்தது. பையனுக்கு உடம்பு மோசமாகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் உயிர் போனது. பிறகுதான் அதிகாரிகள் எழுந்துபோய்ப் பார்த்தார்கள். அந்த மையத்துக்கு இருந்தது அழகு நிலையத்துக்கான லைசென்ஸ். சீல் வைத்தார்கள். நம் அரசாங்கத்துக்கு நன்றாக வருகிற ஒரே அறுவைச் சிகிச்சை, பூட்டின் மேல் அரக்கு வைப்பது.

தனியார் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் சட்டமே இல்லையா? இருந்தது. 1997-ல் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டம். அந்தப் பையன் அப்போது இரண்டு மூன்று வயதுக் குழந்தை. அவன் பள்ளிக்கூடம் போனான், பிளஸ் டூவில் முட்டி மோதி மார்க் வாங்கினான், இந்த ஊரிலேயே பெரிய மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கினான், பிணம் அறுத்துப் படித்தான், டாக்டராகும் வாசல்படிக்கு வந்தான், செத்தும் போனான். அந்தச் சட்டத்துக்கு விதிகள் எழுதி முடிக்க அதுவரை ஒருவருக்கும் கை ஒழியவில்லை. விதிகள் 2018-ல் வந்தன. 21 வருஷம். இடையில் எத்தனை ஆட்சி, எத்தனை சுகாதார அமைச்சர், எத்தனை செயலாளர்! ஒரு ஆள் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் முதல் வரைவு முடிந்திருக்கும். அத்தனை பேரும் தலை நிறைய முடியோடு ஓய்வு பெற்றிருக்கட்டும், வேறென்ன சொல்ல.

டெல்லியில் 2021-ல் முடி நட்டுக்கொண்ட ஒரு பையன் இறந்து, வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவுரை வெளியிட்டது. வொர்க்‌ஷாப்பிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றுக்கொண்டு இந்த வேலையில் இறங்குவது பயிற்சியாகாது என்று அதில் இருக்கிறது. ஒரு நாட்டின் தலைமை மருத்துவ அமைப்பு தன் டாக்டர்களுக்கு இதை எழுத்தில் சொல்ல வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் 2025-ல் கான்பூரில், பல் மருத்துவம் படித்தவர் நடத்திய கிளினிக்கில் முடி நட்டுக்கொண்ட பொறியாளர் இறந்ததாக வழக்கு. யூடியூப் கூடப் பார்க்கவில்லையோ என்னவோ.

உன் தொழிலில் மண்டையில் ஊசி போடுவதோடு கொழுப்பு எடுப்பதும் சேர்கிறது, ஆபத்தும் இரட்டை. மரத்துப்போகும் மருந்து அளவு மீறினால் வலிப்பு வரும், இதயம் நிற்கும். முகத்தில் கொழுப்பு நிரப்பும்போது அது ரத்தக்குழாய்க்குள் போய்க் கண் பார்வை பறிபோனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. டிஃபிப்ரிலேட்டர் இருக்கிறதா என்று உன்னை எந்தத் தாயும் கேட்க மாட்டாள். ஏ.சி. இருக்கிறதா என்று பார்ப்பாள்.

“சொந்தக் கொழுப்புதானே” என்று சொல்கிற இடத்தில் மட்டும் குரல் தடுமாறக் கூடாது. அமெரிக்காவிலும் இதைத்தான் சொன்னார்கள். ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக், 2015. கண் பார்வை மங்கிக்கொண்டிருந்த, வயதான மூன்று பெண்கள். அவரவர் வயிற்றுக் கொழுப்பிலிருந்து பிரித்ததை அவரவர் கண்ணில், இரண்டு கண்ணிலும் ஒரே நாளில், ஊசியாகப் போட்டார்கள். தலைக்கு 5,000 டாலர். மங்கலாகத் தெரிந்ததும் தெரியாமல் போனது. தாங்கள் ஏதோ மருத்துவச் சோதனையில் சேர்ந்திருப்பதாகவே அவர்களில் சிலர் நினைத்திருந்தார்கள். அந்த நாட்டில் மருந்துத் துறை கோர்ட்டுக்குப் போனது. நோயாளியின் சொந்தச் செல், எப்படி மருந்தாகும் என்று கிளினிக் தரப்பு வாதாடியது. 2019-ல் தடை, 2021-ல் மேல்முறையீட்டிலும் தோல்வி. கலிஃபோர்னியாவில் இன்னொரு கூட்டம் 2022-ல் கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து, 2024-ல் மேல்கோர்ட்டில் தோற்றது. இத்தனை வருஷம் அவர்கள் கோர்ட் வாசலில் கிடந்தார்கள். உனக்கு அந்தச் சிரமம் இருக்காது. இங்கே உன்மேல் வழக்குப் போட வேண்டியவர்கள் இன்னும் ஃபைலைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தத் தொழிலின் அழகே எங்கே என்று கேட்டால் இங்கேதான். மருந்துக் கம்பெனி ஒரு சோதனை நடத்தினால், மருந்தை இலவசமாகக் கொடுக்க வேண்டும், பங்கேற்பவனுக்கு ஒன்று நேர்ந்தால் வைத்தியம் பார்க்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும், நெறிமுறைக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும், முடிவை எழுதி வைக்க வேண்டும். நீ நடத்துவதும் அதே சோதனைதான், இந்த நாட்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. வித்தியாசம், உன் எலி உனக்குப் பணம் கட்டுகிறது. லட்சக்கணக்கில். தவணையில். செத்தால் வாரிசுதாரர் மீதித் தவணையைக் கட்ட வேண்டுமா என்பது மட்டும் ஃபைனான்ஸ் கம்பெனியின் சிறிய எழுத்தில் இருக்கிறது. உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்கூடமும் கண்டுபிடிக்காத மாடல் இது. இதற்குக் காப்புரிமை எடுத்தால் கொழுப்பு, முடி எதுவுமே தேவைப்படாது.

எல்லா வாடிக்கையாளரையும் சமாளித்துவிடுவாய். ஒரே ஒருத்தரிடம் மட்டும் ஜாக்கிரதை. பையில் பழைய ரிப்போர்ட்டுகளோடு வருவார், ரிடையர்டு ஏ.ஜி. ஆபீஸ் ஆடிட்டராக இருக்கும், பேரனுக்காக விசாரிக்க வந்திருப்பார். டி.வி. திரையைப் பார்க்க மாட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்பார்: “இது ட்ரீட்மென்ட்டா, ட்ரையலா? ட்ரையல்னா க்ளினிக்கல் ட்ரையல்ஸ் ரெஜிஸ்ட்ரில நம்பர் இருக்குமே, அதைச் சொல்லுங்கோ. நெறிமுறைக் கமிட்டி யார்? ட்ரையல்னா பணம் வாங்கப்படாதே. ட்ரீட்மென்ட்னா அனுமதிக் கடுதாசி காட்டுங்கோ. டாக்டர் எந்த கவுன்சில்ல பதிவு பண்ணிருக்கார், நம்பர் என்ன? மயக்க டாக்டர் கடைசிவரை ரூம்லயே இருப்பாரா, எழுதித் தருவேளா?”

அவரிடம் ஆஃபர் பேசாதே. காபி கொடுக்காதே, உட்கார்ந்துவிடுவார். டாக்டர் கான்ஃபரன்ஸில் இருக்கிறார் என்று சொல்லி, நீயே எழுந்துபோய் லிஃப்ட் பொத்தானை அழுத்தி, கதவு மூடுகிற வரை சிரித்துக்கொண்டு நில். மூடியதும் அடுத்த டோக்கனைக் கூப்பிடு.